பன்னிரண்டு காம்பரா வயர்

ஆத்தடித் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பழைய பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளையடித்து, மேசை போட்டு, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் நாடா வெட்டித் திறந்துவைத்தார். இனி உலகமே உங்கள் கையில் என்று பேசினார். வடையும் தேநீரும் சாப்பிட்டார். மழை பிடிப்பதற்குள் பொகவந்தலாவைப் பாதையில் இறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த அறைக்குள் உலகம் நுழைய வழி இல்லை.

சுவரில் கரண்டுக்கு ஒரு பிளக் இருந்தது. இன்டர்நெட் வயரைச் செருக ஒரு பொந்து வேண்டுமாம், அது இல்லை. டெலிபோன் இல்லை. யானை கொடுத்தவர்கள் அங்குசம் கொடுக்க மறந்துவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக அந்தக் கம்ப்யூட்டர் பூப்போட்ட துணி போர்த்தி, நெற்றியில் சந்தனப் பொட்டோடு, வெள்ளிக்கிழமை தோறும் சூடம் காட்டப்பட்டு, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் இருந்தது.

அதற்கு இன்டர்நெட் வந்தே ஆகவேண்டும் என்று துடித்தவன் ஊரில் ஒருவன்தான். நல்லமுத்து. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், நாற்பது வயது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் மூடியே வைத்திருப்பவன். அவன் மனைவி நாகலெட்சுமி நாலு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் போனபோது மகள் சுலக்ஷனாவுக்குப் பால் பல்லே முழுதாக முளைக்கவில்லை. இப்போது பால் பல் விழ ஆரம்பித்துவிட்டது.

வைகாசியோடு நாகலெட்சுமியின் இரண்டாவது ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று அந்த வீட்டு மேடம் கேட்டுக்கொண்டிருந்தாள். போடாதே, வந்துவிடு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நல்லமுத்துவுக்கு வேண்டியது. ஆனால் போனில் அவனுக்கு அது வரவில்லை. தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயில் பாறைமேல் மட்டும். அங்கே எப்போதும் நாலு பேர் போனோடு நிற்பார்கள். மழை தூறும். மகள் போனைப் பிடுங்குவாள். இவன் கைக்கு வரும்போது, "சரி, ஒடம்பப் பாத்துக்க" என்பதற்குத்தான் நேரம் இருக்கும். அப்படியே நேரம் இருந்தாலும் போனை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவான். முகத்தைப் பார்த்துக் கேட்டால் கேட்டுவிடலாம், முகத்தைப் பார்த்தால் அவளும் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

நாகலெட்சுமிக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓய்வு. அங்கே ஒரு மலையாளத்துக்காரர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். அரை மணி நேரம் முகம் பார்த்துப் பேசலாம் என்று அவள் சொன்ன நாளிலிருந்து நல்லமுத்து தோட்டப் பள்ளிக்கூடத்துக் கஜதீபன் மாஸ்டரின் பின்னாலேயே அலைந்தான். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது. எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டார்.

"அண்ணை, தோட்டத்து ஒபிசில இன்டர்நெட் பெட்டி இருக்கு," என்றார் அவர். "அங்கையிருந்து வயர் இழுத்தா சரி. என்னட்ட பழைய பள்ளிக்கூடத்தில மிஞ்சின வயர் ஒரு சுருள் கிடக்கு. தொண்ணூத்தாறு மீற்றர். துரையிட்டக் கேளுங்கோ."

தோட்டத்தை நடத்தும் துரை நல்ல மனிதர்தான். சம்மதித்தார். ஆனால் துரைமார் சம்மதித்தால் அதைக் கடிதத்தில் சம்மதிப்பார்கள். கடிதம் என்று வந்தால் நிபந்தனை வராமல் இருக்காது. தோட்டத்தைப் பார்வையிட்டுச் சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரப்போவதால், கட்டிடத்துக்கு வெளியே எந்த வயரும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. தூண் நடக்கூடாது. தேயிலைச் செடி ஒன்றுகூட அசையக்கூடாது. இவற்றுக்கு உட்பட்டு, வேலை முடிந்து நாலரை மணிக்குப் பிறகு தாராளமாக இன்டர்நெட் எடுத்துக்கொள்ளலாம்.

மாஸ்டர் நாடா பிடித்து அளந்தார். ஆபீஸுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் நடுவில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் நீளவாக்கில் படுத்திருந்தது. பன்னிரண்டு காம்பரா, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தகரக் கூரையின் கீழ். சுற்றிப் போனால் நூற்று முப்பது மீற்றர். நூறுக்கு மேல் இழுத்தால் வயருக்குள் ஒன்றும் ஓடாதாம். லயத்தின் முன்னால் கான் என்கிற வடிகால், எப்போதும் தண்ணீர் ஓடும். பின்னால் பாறை. கூரைமேல் போட்டால் இடி இறங்கும். நேராகப் போனால் தொண்ணூற்றிரண்டு மீற்றர். ஆனால் நேராகப் போவதென்றால் பன்னிரண்டு வீட்டுக்கும் உள்ளே புகுந்து போகவேண்டும்.

அதிலும் ஒரு வசதி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, அந்தச் சுவர் கூரை வரைக்கும் கிடையாது. மேலே இரண்டடி இடைவெளி. ஒரு வீட்டில் தாளித்தால் பன்னிரண்டு வீட்டிலும் தும்முவார்கள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் மற்றப் பதினொரு வீடும் அதில் தீர்ப்புச் சொல்லும். அந்த இடைவெளி வழியாக வயரைத் தூக்கிப் போட்டால் ஒரு துளைகூடப் போடத் தேவையில்லை.

"சுவருக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை," என்றார் மாஸ்டர். "ஆக்களிட்டக் கேக்க வேண்டியதுதான்."

சுவர் என்றால் உளியை வைத்துத் தட்டலாம். ஆட்களை என்ன செய்வது?

முதல் காம்பரா ராசம்மாவுடையது. கொழுந்து நிறுக்கும்போது தராசையே முறைத்துப் பார்க்கிற பெண்மணி. "வயரா? ஷாக் அடிக்கும். வேணாந் தம்பி," என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். இதில் கரண்டு கிடையாது அம்மா என்று மாஸ்டர் எவ்வளவோ சொன்னார். கடைசியில் அளந்து பேசுகிற அந்த மனிதர் வயர் முனையை வாயில் வைத்துக் கடித்தே காட்டினார். ராசம்மா கொஞ்ச நேரம் அவர் கீழே விழுவாரா என்று பார்த்தாள். விழவில்லை.

"சரி, போட்டுக்க. ஆனா லெச்சுமி பேசும்போது நானும் ரெண்டு நிமிஷம் பேசணும். பாத்து நாலு வருஷமாச்சு அந்தப் பிள்ளைய."

"பேசுங்கக்கா, அதுக்கென்ன," என்றான் நல்லமுத்து. ரெண்டு நிமிஷம்தானே.

இரண்டாவது காம்பராவில் பூரணி இருந்தாள். கைக்குழந்தைக்காரி. வயர் போகும் பாதையில் பிள்ளையின் தொட்டில் தொங்கியது. தொட்டிலை நகர்த்தினால் பிள்ளை தூங்காது என்றாள். வயர் தொட்டிலுக்கு மேலாகப் போகட்டும் என்று முடிவானது. "அந்தக்காவுக்கு எம்புள்ளயக் காட்டணும். ரெண்டு நிமிஷம் குடுங்கண்ணே." கொடுத்தான். இப்படியே ஒவ்வொரு வீடாக ரெண்டு ரெண்டு நிமிஷம் போனது.

ஆறாவது காம்பரா வீரய்யாவுடையது. தொழிற்சங்கத் தலைவர். துண்டு இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போகமாட்டார். "எனக்கு ரெண்டு நிமிஷமா? தலைவருக்கும் அதே, தொண்டனுக்கும் அதேயா? அஞ்சு நிமிஷம் வேணும். நாலு வார்த்தை பேசணும்ல?" என்றார். கொடுத்தான்.

ஏழாவது காம்பராவில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அங்கே இருந்தவர் சோலைமலை. எதிர்ச் சங்கத்துத் தலைவர். அவரும் வீரய்யாவும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. நடுவில் இருக்கும் சுவரைப் பார்த்துத்தான் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள்.

"அவன் வீட்டுக்குள்ள பூந்து வர்றது என் வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றார் சோலைமலை. "அவன் தின்னுட்டு வச்ச மிச்சமா எனக்கு?"

"ஐயா, இந்த வயருக்குள்ள போறதும் இருக்கு, வாறதும் இருக்கு," என்றார் மாஸ்டர் பொறுமையாக. "நாகலெட்சுமி அக்கான்ர முகம் அங்கயிருந்து வரும். நல்லமுத்து அண்ணையின்ர முகம் இஞ்சயிருந்து போகும். அப்ப உங்கட வீட்டுக்குள்ள போயிட்டுத்தான் அவற்ற வீட்டுக்குப் போகும்."

சோலைமலை யோசித்தார். "அப்ப நம்ம வீட்டு மிச்சத்தத்தான் அவன் வாங்கிக்கிறான்?"

"ஓம், அப்பிடியும் சொல்லலாம்." அந்தத் திருப்தியில் சோலைமலை ரெண்டு நிமிஷத்துக்கே ஒத்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் வீரய்யா கனைத்தார். ஆனாலும் தன் வீட்டு மிச்சத்தைச் சோலைமலை வாங்குகிறார் என்பதும் உண்மைதான் என்பதால் அவரும் திருப்தியாகவே படுத்துக்கொண்டார். எட்டாவது காம்பரா நல்லமுத்துவுடையதே. அங்கே ஒரு தகராறும் இல்லை. மீதி நாலு வீட்டிலும் ரெண்டு ரெண்டு நிமிஷம் கொடுத்து வயரை மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வெளியே வந்த இடத்தில் பழைய ஹோஸ் பைப்புக்குள் நுழைத்து மண்ணில் புதைத்தார்கள். பிள்ளைக் காம்பராவின் ஜன்னல் சட்டத்தைக் கொஞ்சம் செதுக்கி உள்ளே விட்டார்கள். பொந்து இல்லாத அறைக்கு ஒரு வழியாகப் பொந்து வந்தது.

வேலை முடிந்ததும் மாஸ்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். "அண்ணை, பத்து வீட்டுக்கு ரெண்டு ரெண்டு, இருபது. தலைவருக்கு அஞ்சு. இருபத்தஞ்சு. லைன் கிடைச்சு முகம் தெரிய மூண்டு நிமிசம். மொத்தம் முப்பதில உங்களுக்கு ரெண்டு நிமிசந்தான் மிச்சம்."

நல்லமுத்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெண்டாட்டியைத் தானே கூறு போட்டு விற்றுவிட்டதுபோல் இருந்தது. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டான். "பரவால்ல மாஸ்டர். வந்துருன்னு சொல்ல ஒரு செக்கன் போதும்."

முதல் வெள்ளிக்கிழமை நாலரைக்கு மாஸ்டர் சோதித்துப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. நல்லமுத்து வயரைப் பிடித்துக்கொண்டே வீடு வீடாக ஓடினான். வயர் நாலு மீற்றர் நீளம் கூட என்பதால் அங்கங்கே தளர்ந்து தொங்கியது. தொங்குகிற கயிறு எதுவானாலும் அதில் துணி காயவேண்டும் என்பது லயத்து நியாயம். மூன்றாவது வீட்டில் பாவாடைகள். ஐந்தாவது வீட்டில் பள்ளிக்கூட யூனிபார்ம். சோலைமலை வீட்டில் நனைந்த கம்பளி ஒன்று, ஒரு ஆள் பாரத்துக்கு. கம்பளியின் இழுப்பில் ஆபீஸ் பக்கத்து முனை பெட்டியிலிருந்து கழன்று கிடந்தது. கம்பளியை எடுத்தார்கள். முனையைச் செருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. "அவன் வீட்டுலதான் கோளாறு, நான் அப்பவே சொன்னேன்," என்றார் வீரய்யா சுவரைப் பார்த்து.

ஐந்து மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் நிற்க இடமில்லை. பெண்கள் தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். வீரய்யா இரண்டு துண்டு போட்டிருந்தார். திரையில் முதலில் சாம்பல் நிறம் வந்தது. பிறகு கட்டம் கட்டமாக ஒரு முகம் வந்தது. தலையில் துணி சுற்றி, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, ஆனால் நாகலெட்சுமிதான். நல்லமுத்து திரையை ஒட்டிப் போய் நின்றான். நாலு வருஷமாக மனதில் வைத்திருந்த முகத்தைவிட இந்த முகத்துக்கு வயது கூடியிருந்தது. அதுவே அவனுக்குத் தாங்கமுடியாத ஆசையாக இருந்தது.

"ஏங்க..." என்றாள் அவள்.

"முதல்ல நான்," என்று ராசம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல் காம்பரா அல்லவா? "ஏம்மா லெச்சுமி, நல்லாயிருக்கியா? இளைச்சுப்போயிட்டியே தாயி. வரும்போது எனக்கு ஒரு சுடுதண்ணி பிளாஸ்க் கொண்டுவா தாயி, பெரிசா."

"சரிக்கா, கொண்டுவர்றேன்," என்றாள் நாகலெட்சுமி. பக்கத்தில் இருந்த ஒரு கொப்பியை இழுத்து எழுதிக்கொண்டாள்.

பூரணி பிள்ளையைத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டி, பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை கேட்டாள். மூன்றாவது வீட்டுக்குப் பூப்போட்ட போர்வை. நாலாவது வீட்டுக்கு சென்ட் போத்தல். ஐந்தாவது வீட்டுக்கு ஒரு டோர்ச் லைட். வீரய்யா தனது ஐந்து நிமிஷத்தில் மலையக மக்களின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து தொடங்கி, முன்னோர் வந்த கப்பல் மன்னாரில் கரை சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டதால், கோயிலுக்கு ஒரு பெரிய மணி வேண்டும் என்று முடித்தார். சோலைமலை விடுவாரா? அதைவிடப் பெரிய மணி ஒன்று கேட்டார். எல்லாவற்றையும் நாகலெட்சுமி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் நிமிர்ந்தபோது ஒரு நிமிஷம் மிச்சமிருந்தது. அதில் நல்லமுத்து கதிரையில் உட்கார, சுலக்ஷனா அவன் மடியில் ஏறி, பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். தாய் அழுதாள். மகள் அழவில்லை. அவளுக்கு அந்த முகம் புதிது.

"லெச்சுமி," என்றான் நல்லமுத்து. "நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஏங்க, நானும் ஒண்ணு சொல்லணும்." அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டே அவசரமாகப் பேசினாள். "வைகாசியில வந்துரலாம்னுதாங்க இருந்தேன். ஆனா இத்தன பேரு ஆசப்பட்டுக் கேக்குறாங்க. வெறுங்கையோட லயத்துக்குள்ள எப்படி வந்து எறங்குறது? இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டே வந்துர்றேன். இந்த மாசக் கடைசியில மேடத்துக்கிட்ட கையெழுத்துப் போட்டுர்..."

திரை சாம்பல் நிறமானது. அரை மணி முடிந்துவிட்டது.

அன்றைக்குப்போல் நல்லமுத்துவுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அவள் வருவதாகத்தான் இருந்திருக்கிறாள். இவன் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே வந்திருப்பாள். முகம் பார்க்கவென்று வயர் இழுத்து, வயருக்காக நிமிஷம் கொடுத்து, நிமிஷத்தில் பிளாஸ்க்கும் மணியும் புகுந்து அவளை இன்னும் இரண்டு வருஷத்துக்கு அங்கேயே கட்டிப் போட்டுவிட்டன. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான். விடிந்ததும் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குக்கூடப் போகாமல் ராசம்மா வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அக்கா! ஒங்களுக்கு ஒரு பிளாஸ்க் கேக்குதா? அதுக்காக எம்பொண்டாட்டி ரெண்டு வருஷம் அங்கயே கெடக்கணுமா?"

ராசம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திகைத்துப் போனாள். "பிளாஸ்க்கா? எனக்கு எதுக்குப்பா பிளாஸ்க்கு? எம்மகன் வாங்கித் தந்ததே பொட்டியில கெடக்கு."

"பின்ன ஏன் கேட்டீங்க?"

"கேக்காம? வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைக்கிட்ட ஒண்ணுமே கேக்கலேன்னா அது என்ன நெனைக்கும்? நம்மள மறந்துட்டாங்க, வேத்தாளாக்கிட்டாங்கன்னு நெனைக்காதா? ஒரு மரியாதைக்குக் கேட்டேம்பா."

பேச்சு சுவருக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது காம்பராவிலிருந்து பூரணியின் குரல் வந்தது. "நானும் அதுக்குத்தாண்ணே கேட்டேன். அந்த நாட்டு வெயில்ல கம்பளிச் சட்டைக்கு அந்தக்கா எங்க போகும்?"

"போர்வையும் சும்மா கேட்டதுதான்," என்றது மூன்றாவது. நாலும் ஐந்தும் அதையே சொல்லின. வீரய்யா மட்டும் முதலில் கனைத்துக்கொண்டார். "தலைவர் ஒண்ணும் கேக்கலேன்னா அந்தப் பிள்ளைக்குத்தானே கௌரவக் குறைச்சல்? அதான் பெரிசா கேட்டேன்," என்றார். "நான் அவன் கேட்டான்னு கேட்டேன்," என்றார் சோலைமலை. அந்த லயத்தில் அவர் பேசிய வார்த்தைகளிலேயே உண்மையானது அதுதான்.

நல்லமுத்துவின் கோபம் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் பயம் ஏறியது. மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது. நடுவில் பாறைமேல் நின்று மூன்று தரம் போன் எடுத்துப் பார்த்தான். மேடம் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் மறுபடியும் தீபாவளிச் சேலையில் வந்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஆளுக்கு ரெண்டு நிமிஷம் வேண்டுமாம். நல்லமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். "எல்லாருக்கும் சேத்து ஒருத்தர் சொல்லுங்க சாமி." எந்த ஒருத்தர்? வீரய்யா எழுந்தார். உடனே சோலைமலையும் எழுந்தார். ஒருவர் சொன்னால் மற்றவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அந்த நேரம் பார்த்துத் திரையில் முகம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் இரண்டு தலைவர்களுக்கும் ஒரே நேரத்தில் கைவந்த வித்தை ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைநிறுத்தங்களில் இருபது வருஷம் பழகியது. வீரய்யா கையை உயர்த்தினார்.

"பிளாஸ்க்கு!"

"வேண்டாம்! வேண்டாம்!" என்றது கூட்டம்.

"போர்வை!" என்றார் சோலைமலை, விட்டுக்கொடுக்காமல்.

"வேண்டாம்! வேண்டாம்!"

"கோயில் மணி!"

"வேண்டவே வேண்டாம்!"

தகரக் கூரை அதிர்ந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு சங்கங்களும் சேர்ந்து எழுப்பிய ஒரே கோஷம் அது. மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். குவைத்தில் மலையாளத்துக்காரர் ஓடிவந்து நாகலெட்சுமியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது இங்கே தெரிந்தது. நாகலெட்சுமி வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நான் என்னங்க தப்புப் பண்ணேன்? ஏன் எல்லாரும் கோவிச்சுக்கிட்டாங்க? வாங்கிட்டு வர்றேன்னுதானே சொன்னேன்? லேட்டாகும்னு சொன்னதுக்கா?"

"கோவம் இல்ல தாயி!" "உண்மையாவே வேணாம்மா!" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வேணாம் என்பதையும் மரியாதைக்குத்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அவளும் அந்த லயத்தில் பிறந்தவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியை விரித்தாள். "இல்லல்ல, நான் எல்லாத்தையும் வாங்குவேன். சின்ன மணியா பெரிய மணியா, அத மட்டும் சரியாச் சொல்லுங்க."

நல்லமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கதிரையில் உட்கார்ந்தான். எத்தனை நிமிஷம் மிச்சம் என்று மாஸ்டர் விரலைக் காட்டினார். அவன் பார்க்கவில்லை.

"எல்லாரும் கேட்டுட்டாங்க," என்றான். "நான் இன்னும் ஒண்ணும் கேக்கல."

அறை அடங்கியது. நாகலெட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க என்னைக்குங்க கேட்டிருக்கீங்க?" அவள் குரலில் அழுகை போய் வேறு எதுவோ வந்திருந்தது. "நாலு வருஷமா ஒவ்வொரு தடவ போன் எடுக்கிறப்பவும் ஒங்களுக்கு என்ன வேணும், என்ன வேணும்னு கேக்குறேன். ஒண்ணும் வேணாம், ஒடம்பப் பாத்துக்கன்னுதானே சொல்றீங்க? ஒண்ணுமே வேணாங்கிற மனுசனுக்கு நான் எதக் கொண்டாரது? அந்தப் பதினோரு வீட்டுக்காவது நான் வேணுமேன்னுதான் எழுதிக்கிட்டேன்."

லயத்துக்கே கேட்கும்படி இதைச் சொல்லிவிட்டாள். நல்லமுத்துவுக்கு முகம் கொதித்தது. ஓடிவிடலாம் போல் இருந்தது. பாறைமேல் என்றால் போனை மகளிடம் கொடுத்திருப்பான். இங்கே கொடுப்பதற்கு ஒன்றும் கையில் இல்லை; அவள் கண் நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்பக் கேக்குறேன். எழுதிக்க," என்றான்.

அவள் பேனாவை எடுத்தாள்.

"நீதான் வேணும். கையெழுத்துப் போடாத. வந்துரு. நீயில்லாம இந்தக் காம்பராவுல என்னால இருக்க முடியல."

அவனுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நாகலெட்சுமி எழுதவில்லை. கொப்பியை மூடினாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வைகாசி கடைசியில வர்றேன்," என்றாள். "ஆனா வெறுங்கையோடத்தாங்க வருவேன். பரவால்லயா?"

நல்லமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பதினொரு வீட்டுக்காரர்களும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.